பணத்துக்கேத்த பணியாரம் கேமுக்குப் பொருந்துமா?

கேட்டவர் ஒரு அப்பா. பத்தாம் வகுப்பு முடித்த பையன் 5,000 ரூபாய்க்குப் பக்கத்தில் ஒரு புது ப்ளேஸ்டேஷன் கேம் கேட்கிறானாம். சில நூறு ரூபாய்க்கெல்லாம் கேம் கிடைக்கிறதே என்றால், "அதெல்லாம் சின்ன கேம்ப்பா, பணத்துக்கேத்த பணியாரம்தான்" என்கிறானாம். நிஜமாகவே விலை கூடினால் கேமும் நன்றாக இருக்குமா என்பது கேள்வி.

கோவையில் பதினோரு வருடம் கேம் டிஸ்க் கடை வைத்திருந்தவன் நான். புதுசும் விற்றேன், பழசும் வாங்கி விற்றேன். அந்த அனுபவத்தில் சொன்னால், பையன் சொல்வது தப்பு. முழுத் தப்பா என்றால், ஒரு ஓரத்தில் அவன் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

முதலில் அந்தப் பணியாரத்தையே எடுத்துக்கொள்வோம். இருபது பணியாரம் சுட இருபது பணியாரத்துக்கு மாவு வேண்டும், எண்ணெய் வேண்டும். நல்ல நெய்யில் சுட்டால் விலை கூடும், ருசியும் கூடும். கேம் அப்படி இல்லை. முதல் பிரதியைச் செய்து முடிக்க ஐந்து வருடமும் கோடிக்கணக்கில் பணமும் ஆகலாம். இரண்டாவது பிரதிக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. டவுன்லோட் என்றால் சுத்தமாக இல்லை என்றே சொல்லலாம். அதனால் அட்டையில் இருக்கும் விலை, பிரதிக்கு ஆன செலவை வைத்துப் போட்டதாக இருக்க முடியாது. ‘இதற்கு ஜனங்கள் எவ்வளவு கொடுப்பார்கள்’ என்று விற்பவர் போடும் கணக்கு அது.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. கேமைச் சிப்பில் ஏற்றி பிளாஸ்டிக் டப்பாவாக விற்ற கார்ட்ரிட்ஜ் காலத்தில் விலைக்கும் பொருளுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. கதை பெரிதாக இருந்தால் பெரிய மெமரி சிப் வேண்டும், விளையாடியதைச் சேமிக்க உள்ளே ஒரு பேட்டரி வேண்டும். 1995இல் அமெரிக்காவில் க்ரோனோ ட்ரிக்கர் 80 டாலர் வரை விற்றது. ஃபேண்டஸி ஸ்டார் 4 கிட்டத்தட்ட 100 டாலர். இன்றைக்கு 80 டாலர் என்று எல்லோரும் அலறுகிறோம், முப்பது வருடம் முன்பே அந்த விலை இருந்தது! ஆனால் அன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு பங்கு உண்மையிலேயே சிப்புக்குப் போனது. அப்புறம் ப்ளேஸ்டேஷன் வந்தது, சிடி வந்தது. சிடியை அச்சடிக்க ஒரு டாலருக்குப் பக்கத்தில்தான் ஆகும். கேமின் விலை 40, 50 டாலருக்கு இறங்கியது. ஃபைனல் ஃபேண்டஸி 7 என்ற கேம், கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்த நின்டெண்டோவை விட்டு ப்ளேஸ்டேஷனுக்குப் போனதற்கு இந்தச் சிடி ஒரு பெரிய காரணம். 1997இல் அது மூன்று சிடியாக வந்தது. அத்தனையையும் கார்ட்ரிட்ஜில் அடைத்திருந்தால் என்ன விலை வைத்திருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு விலை ஒரு வழக்கமாகிவிட்டது. 50 டாலர் இருந்ததை 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது 60 ஆக்கினார்கள். 2020இல் ப்ளேஸ்டேஷன் 5 வந்தபோது 70. 2025இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுடன் (கேம் ஆடும் பெட்டி) வந்த மரியோ கார்ட் வேர்ல்டு 80. கம்பெனிகள் விலைவாசியைக் காரணம் காட்டுவது முழுப் பொய் இல்லை. 2006இல் இருந்த 60 டாலர், இன்றைய பண மதிப்பில் சுமார் 95 டாலர். அந்தக் கணக்கில் பார்த்தால் கேம் மலிவாகித்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இந்த உயர்வு எதுவும் ஒரு குறிப்பிட்ட கேம் நன்றாக இருப்பதால் வந்தது இல்லை. அந்தத் தலைமுறைக் கன்சோலுக்கே ஒரு விலை, அவ்வளவுதான்.

சினிமா டிக்கெட் மாதிரி. ஒரே தியேட்டரில் இருநூறு கோடி ரூபாய் படத்துக்கும் இரண்டு கோடி ரூபாய் படத்துக்கும் பெரும்பாலும் ஒரே கட்டணம்தான் வாங்குகிறார்கள். படம் நன்றாக இருக்கிறதா என்று டிக்கெட்டைப் பார்த்து யாரும் கண்டுபிடிப்பதில்லை. என் கடை அலமாரியில் அந்த வருடத்தின் மிகச் சிறந்த கேமும் மிக மோசமான கேமும் ஒரே விலை ஸ்டிக்கரோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கின்றன.

மரியோ கார்ட் வேர்ல்டையே பாருங்கள். 2025இல் வெளியானபோது தனியாக வாங்கினால் 80 டாலர். ஸ்விட்ச் 2 கன்சோல் 450 டாலர், கேமும் கன்சோலும் சேர்ந்த பெட்டி 500 டாலர். அப்படியானால் அந்தப் பெட்டியில் இருந்த அதே கேமின் விலை 50. இன்னொன்று: தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2 என்ற கேமை 2025 ஜூனில் 80 டாலர் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, ஜூலையில் 70 என்று இறக்கிவிட்டார்கள். ஒரே மாதத்தில் கேமின் தரம் பத்து டாலர் குறைந்துவிட்டதா என்ன?

சரி, விலை ஏற அவர்கள் சொல்லும் பெரிய காரணம் தயாரிப்புச் செலவு. அது நிஜம்தான். 2023 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியை வாங்குவது குறித்த வழக்கு அமெரிக்காவில் நடந்தபோது, ப்ளேஸ்டேஷன் செய்யும் சோனி சில ஆவணங்களை நீதிமன்றத்தில் கொடுத்தது. ரகசியமான எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததில் மைக்கு அடியில் இருந்த எழுத்து தெரிந்துவிட்டது! தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2க்கு 220 மில்லியன் டாலர், உச்சத்தில் சுமார் 200 பேர் வேலை. ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்டுக்கு 212 மில்லியன், 300 பேர், ஐந்து வருடம். செலவின் பெரும்பகுதி சம்பளம். முந்நூறு பேர் ஐந்து வருடம் உட்கார்ந்து ஒவ்வொரு புல்லையும் காற்றில் ஆடவைக்கிறார்கள், மழையில் நனைந்த ஜாக்கெட் எப்படி மினுங்கும் என்று பார்க்கிறார்கள், நடிகர்களுக்குப் புள்ளி வைத்த உடை மாட்டி ஓடவிட்டுப் பதிவு செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது எல்லாவற்றையும் பணத்தால் வாங்கலாம். இன்னொரு ரவுண்டு ஆடலாமா என்று இராத்திரி இரண்டு மணிக்குக் கை துறுதுறுக்கிறதே, அதை எந்த பட்ஜெட்டில் எழுதி வாங்குவது?

இதற்கு 2024 பிப்ரவரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த மாதம் 16ஆம் தேதி யூபிசாஃப்டின் ஸ்கல் அண்ட் போன்ஸ் வந்தது. கடற்கொள்ளையர் கேம். 2017இல் அறிவித்து, தேதி தள்ளித் தள்ளிப் போட்டு, ஒருவழியாக வந்தது. 70 டாலர். விலை நியாயமா என்று கேட்டதற்கு அந்தக் கம்பெனியின் தலைவர் ஈவ் கில்லமோ, இது ‘நான்கு ஏ’ தரத்துக் கேம் என்றார். பெரிய பட்ஜெட் கேமைத் தொழிலில் மூன்று ஏ என்பார்கள். இவர் ஒரு ஏ சேர்த்துவிட்டார். விமர்சனங்களில் நூற்றுக்கு அறுபதை ஒட்டித்தான் மதிப்பெண் கிடைத்தது.

நான்கு நாள் கழித்து, 20ஆம் தேதி, பலாட்ரோ என்று ஒரு கேம் வந்தது. 15 டாலர். கனடாவில் இருந்து லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒரே ஒருவர் செய்தது. பார்க்க ஒன்றுமே இருக்காது. சீட்டுக்கட்டு, பழைய டிவி மாதிரி கோடு ஓடும் திரை, அவ்வளவுதான். போக்கர் ஆட்டம்போல ஜோடி, வரிசை, ஒரே இனம் என்று சீட்டு சேர்த்து இறக்க வேண்டும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் இரண்டு எண்கள்: நீல நிறத்தில் சிப்ஸ், சிவப்பு நிறத்தில் பெருக்கி. இரண்டையும் பெருக்கினால் உங்கள் புள்ளி. இங்கேதான் ஜோக்கர்கள் வருகிறார்கள். ஐந்து ஜோக்கர்வரை கையில் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொருவனும் ஒவ்வொரு விதியை வளைப்பான். ஒருவன் பெருக்கியில் நாலு கூட்டுவான், இன்னொருவன் பக்கத்து ஜோக்கர் செய்வதை அப்படியே தானும் செய்வான். முதல் பத்து நிமிடம் முந்நூறு புள்ளி எடுக்கவே திணறுவீர்கள். நாலாவது ஆட்டத்தில் எங்கேயோ இரண்டு ஜோக்கர்கள் கைகோத்துக்கொள்வார்கள், எண்கள் ஓட ஆரம்பிக்கும், தேவையான புள்ளியை ஒரே இறக்கில் தாண்டும்போது புள்ளிப் பலகையே தீப்பற்றி எரியும். அந்த ஜோடியைக் கண்டுபிடித்தது நீங்கள். அந்தச் சந்தோஷத்துக்குப் புல் ஆட வேண்டியதில்லை.

பலாட்ரோ ஒரே மாதத்தில் பத்து லட்சம் பிரதி விற்றது. வருடக் கடைசியில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கேம் பட்டியலில் பெரிய பெரிய கேம்களோடு நின்றது. பரிசு அதற்குக் கிடைக்கவில்லை, அது ஆஸ்ட்ரோ பாட்டுக்குப் போனது. அதுவும் 60 டாலர்தான்.

அந்த விருதையே கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். 2021இல் இட் டேக்ஸ் டூ, 40 டாலர். 2022இல் எல்டன் ரிங், 60. 2023இல் பால்டர்ஸ் கேட் 3, கம்ப்யூட்டரில் 60, ப்ளேஸ்டேஷனில் 70. 2024இல் ஆஸ்ட்ரோ பாட். 2025இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ செய்த கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33, 50 டாலர். எழுபது டாலர் கேம்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த ஐந்து வருடத்தில் எல்லாத் தளத்திலும் 70 வைத்த ஒரு கேம்கூட முதல் பரிசு வாங்கவில்லை. பிரிட்டனின் பாஃப்டா இன்னும் ஒரு படி மேலே போய், 2023இல் எல்டன் ரிங்கையும் காட் ஆஃப் வாரையும் ஓரம்கட்டிவிட்டு, 5 டாலர் வேம்பயர் சர்வைவர்ஸுக்குச் சிறந்த கேம் விருது கொடுத்தது. கட்டை விரல் ஒன்று போதும் அதை விளையாட.

இதைப் படித்துவிட்டு மலிவானதுதான் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பையன் பக்கத்து நியாயம் இங்கேதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2024இல் மட்டும் 18,000க்கும் மேல் கேம்கள் வந்தன. பலாட்ரோ அதில் ஒன்று. மற்றதில் பெரும்பாலானவற்றின் பெயர்கூட உங்களுக்கும் எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. நூறு ரூபாய்க் கேம்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் குப்பை வருவதற்கே வாய்ப்பு அதிகம். 70 டாலர் கேமில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் படம் அழகாக இருக்கும், குரல் சரியாக இருக்கும், பெரும்பாலும் முடியும்வரை ஓடும். ஆக, அதிக விலை ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் தருகிறது. ஹைவேயில் பெரிய போர்டு வைத்த ஓட்டல் மாதிரி, வயிறு கெடாது. ருசிக்கு உத்தரவாதம் இல்லை.

அந்தக் குறைந்தபட்ச உத்தரவாதமும் சில சமயம் கவிழ்ந்துவிடும். சைபர்பங்க் 2077 டிசம்பர் 2020இல் 60 டாலருக்கு வந்தபோது பழைய ப்ளேஸ்டேஷன் 4இல் தடுமாறித் தடுமாறி நின்றது. ஒரு வாரத்தில் சோனியே அதைத் தன் கடையிலிருந்து தூக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆறு மாதம் கழித்துத்தான் திரும்ப வைத்தார்கள். பிறகு அப்டேட் மேல் அப்டேட் விட்டு அதை உண்மையிலேயே நல்ல கேமாக ஆக்கிவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கேம் தேறிய நேரத்தில் தள்ளுபடியில் பாதி விலைக்கே கிடைத்தது. முதல் நாள் முழு விலை கொடுத்தவருக்கு மோசமான கேம், இரண்டு வருடம் பொறுத்தவருக்குப் பாதி விலையில் நல்ல கேம்.

இலவச கேம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே விலை பூஜ்யம், செலவு உள்ளே இருக்கிறது. ஆட்டக்காரனுக்குச் சட்டை, துப்பாக்கிக்குப் புது நிறம் என்று சிறுகச் சிறுக எடுப்பார்கள். அதைவிடக் கோபம் வருவது, முழு விலை வாங்கிக்கொண்டு உள்ளேயும் உண்டியல் வைப்பது. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 அப்படித்தான் வந்தது. 60 டாலர் கொடுத்தாலும் டார்த் வேடர் பூட்டிக் கிடந்தார். மணிக்கணக்கில் ஆடித் திறக்க வேண்டும். ரசிகர்கள் பிடித்த பிடியில், வெளியீட்டுக்கு முந்தின நாள், அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் உள்ளே காசு வாங்குவதை நிறுத்தி வைத்தது.

என் கடையில் விலையைவிட நம்பகமான ஒரு அளவுகோல் இருந்தது. புது டிஸ்க் வந்ததும் முதல் ஸ்டிக்கர் ஒட்டுவேன்: 3,999. சில கேம்களுக்கு அந்த ஸ்டிக்கர் வெயிலில் வெளுக்கும்வரை அப்படியே இருக்கும். ஜிடிஏ 5 பழைய டிஸ்க் வந்தால் அன்று மாலைக்குள் போய்விடும், இரண்டாம் கை விலையும் அவ்வளவு சுலபத்தில் இறங்காது. நின்டெண்டோ கேம்கள் இன்னும் பிடிவாதம். 2017இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ் வருடக்கணக்கில் அதே 60 டாலரில் நின்றது. அது அந்தக் கம்பெனியின் கொள்கை. தள்ளுபடியே பழக்கமில்லாதவர்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. ஒரு பெரிய கம்பெனியின் கேம், பெயர் வேண்டாம். எட்டு டிஸ்க் எடுத்து வைத்தேன். முதல் வாரம் ஆறு விற்றது. பத்தாவது நாளே நாலு திரும்பி வந்தது, எக்ஸ்சேஞ்சுக்கு. கொண்டுவந்த பையன்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ‘வேற என்னண்ணா இருக்கு’ என்று நேராக அலமாரிக்குப் போனார்கள். 3,999 மேல் 2,499 ஒட்டினேன், அதன் மேல் 1,299, அதன் மேல் 499. கடைசியில் அந்த டப்பாவின் மூலையில் ஸ்டிக்கரே ஒரு சின்ன அட்டை மாதிரி தடித்துப்போய் இருந்தது. புது கேமின் விலையைப் பார்க்காதீர்கள், மூன்று மாதம் கழித்துப் பழைய டிஸ்க் எத்தனை வந்து கிடக்கிறது என்று பாருங்கள். இதில் ஒரு விதிவிலக்கு, வருடா வருடம் வரும் கால்பந்து கேம்கள். அடுத்த பதிப்பு வந்த அன்றே பழசுக்கு மதிப்பு போய்விடும், நன்றாக இருந்தாலும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பையன் கேட்கும் கேம் எதுவென்று சொல்லவில்லை, பரவாயில்லை. விலையை மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். நூறு மணி நேரக் கேமில் எழுபது மணி நேரம் வரைபடத்தில் புள்ளி அழிப்பதாகவே இருக்கலாம். 2007இல் வந்த போர்ட்டல் மூன்று நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும், இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கம்ப்யூட்டரில் ஆடுகிறவன் என்றால் கவலை குறைவு. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்ப வரும். 2015இலிருந்து ரூபாயிலும் விலை போடுகிறார்கள். பல கம்பெனிகள் இந்தியாவுக்கு என்று விலையைக் குறைத்து வைப்பதால், அமெரிக்கக்காரன் கொடுப்பதில் பாதிகூட ஆகாத கேம்கள் இருக்கின்றன. ப்ளேஸ்டேஷனில் அப்படி இல்லை. டவுன்லோட் ஆரம்பித்துவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழியப் பணம் திரும்பாது. கேம் பிடிக்கவில்லை என்பது அவர்கள் கணக்கில் கோளாறு இல்லை.

ஆறு மாதம் பொறுக்கச் சொல்லிப் பாருங்கள். பொறுக்க மாட்டான் என்று தெரியும், நானும் பொறுத்ததில்லை. அப்படியானால் கன்சோலில் டிஸ்க் போடும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிஸ்க்காகவே வாங்கிக் கொடுங்கள். பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும். பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், பதினைந்தாவது நாள் வேறு விலை. மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவரை பிளேடால் கிழிக்க வேண்டாம், டப்பாவில் கோடு விழும். கோடு விழுந்தால் கடைக்காரர் ஐம்பது ரூபாயாவது குறைப்பார். நான் நூறு குறைத்துக்கொண்டிருந்தேன்.